வால் சக்கரமும் மலைக்காற்றும்: அனுபவம் குறைந்த விமானிக்குக் கையால் கட்டிய விமானம் ஏற்றதா?

இடுக்கி: கேரள மாநிலம் இடுக்கி மாவட்டம் வண்டிப்பெரியாறு அருகேயுள்ள சத்திரம் மலையில், 2022 டிசம்பர் 1 அன்று 'வைரஸ் எஸ்டபிள்யூ-80' ரகச் சிறிய விமானம் ஒன்று முதன்முறையாகத் தரையிறங்கியது. தேசிய மாணவர் படையின் விமானப் பிரிவு மாணவர்களுக்குப் பயிற்சியளிப்பதற்காக அமைக்கப்பட்ட 650 மீட்டர் நீள ஓடுபாதை அது. சபரிமலைக்குப் புல்மேடு வழியாக நடந்து செல்லும் தமிழகப் பக்தர்களுக்கு நன்கு அறிமுகமான சத்திரம், அன்று முதல் வானூர்தி வரைபடத்திலும் இடம்பெற்றது.

விமான நிலையமே இல்லாத ஒரு மலை மாவட்டத்தில் இளைஞர்கள் விமானம் ஓட்டக் கற்கும் வாய்ப்பு உருவாவது வரவேற்கத்தக்கது. அதே வேளையில், இத்தகைய பயிற்சியை முடித்த ஓர் இளைஞரின் மனத்தில் இயல்பாக எழக்கூடிய அடுத்த கேள்வியையும் இப்போதே பரிசீலிக்க வேண்டியுள்ளது. தொழிற்சாலை விமானத்தின் விலை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாதது. வரைபடம் வாங்கியோ உதிரித் தொகுப்பு வாங்கியோ வீட்டுக் கொட்டகையில் கட்டிக்கொள்ளும் விமானம் ஒப்பீட்டளவில் மலிவானது. உலகெங்கும் அவ்வாறு கட்டப்படும் விமானங்களில் கணிசமானவை வால் சக்கர அமைப்பு கொண்டவை. அவற்றுட் சில, விமானியின் கையசைவுக்கு மிக விரைந்து எதிர்வினையாற்றும் தன்மையுடையவை. ஐம்பது அறுபது மணி நேரம் மட்டுமே பறந்துள்ள ஒரு விமானிக்கு அத்தகைய விமானம் ஏற்றதா என்பதே கேள்வி.

தொடுபுழையில் தொடங்கிய கனவு

இக்கேள்வி இடுக்கிக்குப் புதியதன்று. தொடுபுழைப் பகுதியைச் சேர்ந்த சஜி தாமஸ், பிறவியிலேயே கேட்கும் திறனும் பேசும் திறனும் இல்லாதவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே நிறுத்தியவர். ரப்பர் தோட்டங்களுக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டர்களைச் சிறுவயதில் கண்டதே அவரது ஆர்வத்தின் தொடக்கம். பல ஆண்டு உழைப்புக்குப் பின் அவர் சொந்தக் கைகளால் உருவாக்கிய இரண்டு இருக்கை இலகு விமானம், 2014-இல் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் வானில் எழுந்தது. 2017-இல் வெளியான 'விமானம்' என்ற மலையாளத் திரைப்படம் அவரது வாழ்க்கையைத் தழுவியது.

இந்த வெற்றிக் கதையில் பெரிதும் கவனிக்கப்படாத ஒரு செய்தி உண்டு. அந்த விமானத்தைச் சோதித்துப் பறக்கச் செய்தவர் இந்திய விமானப்படையில் பணியாற்றி ஓய்வுபெற்ற, நீண்ட அனுபவமுள்ள அதிகாரி ஒருவர். கட்டியவர் ஒருவர், முதலில் ஓட்டிப் பார்த்தவர் வேறொருவர். விமானம் கட்டும் திறனும் அதை முதன்முறையாக ஓட்டும் திறனும் தனித்தனியானவை என்ற புரிதல் அந்த ஏற்பாட்டில் இருந்தது. இக்கட்டுரை ஆராயும் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி அதில் அடங்கியுள்ளது.

வால் சக்கரம் ஏன் வேறுபடுகிறது?

இன்று பயிற்சிக்குப் பயன்படும் விமானங்கள் பெரும்பாலும் மூக்குச் சக்கர அமைப்பு கொண்டவை. முன்னால் ஒரு சக்கரம், இறக்கைகளுக்கு அடியில் இரண்டு முதன்மைச் சக்கரங்கள். விமானத்தின் ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்கு முன்னால் அமைகிறது. தரையிறங்கும்போது விமானம் சற்றுக் கோணலாகத் தொட்டாலும், முன்னால் உள்ள எடை அதை ஓடும் திசைக்கே இழுத்து நேராக்கிவிடும்.

வால் சக்கர விமானத்தில் இந்த அமைப்பு தலைகீழாகிறது. முதன்மைச் சக்கரங்கள் முன்னாலும் சிறு சக்கரம் வாலின் அடியிலும் இருக்கும். ஈர்ப்பு மையம் முதன்மைச் சக்கரங்களுக்குப் பின்னால் அமைகிறது. விமானம் சிறிது திரும்பினாலும் பின்னாலுள்ள எடை முன்னே வர முயன்று அந்தத் திருப்பத்தை மேலும் பெரிதாக்கும். இறகுப் பக்கம் முன்னாக எறியப்பட்ட அம்பு காற்றில் தன்னைத் திருப்பிக்கொள்ள முயல்வதை ஒத்தது இது. திருப்பம் ஓர் எல்லையைத் தாண்டினால் சுக்கான் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. விமானம் தரையிலேயே சுழன்று, வெளிப்புறச் சக்கரக் கால் மடங்கி, இறக்கை முனை தரையில் உராயும். விமானிகள் இதனை 'கிரவுண்ட் லூப்' என்பர்.

இது நிகழ எடுத்துக்கொள்ளும் நேரம் மிகக் குறைவு. விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் ஒரு விமானம், 18 மீட்டர் அகலமுள்ள பாதையின் நடுக்கோட்டிலிருந்து 15 பாகை விலகிச் செல்வதாகக் கொள்வோம். அது பாதையின் விளிம்பை அடைய இரண்டு விநாடிகூட ஆகாது. விலகலை உணர்ந்து, எந்தக் காலை அழுத்துவது என்று யோசித்து, பின்னர் அழுத்தும் விமானிக்கு அந்த நேரம் போதாது. சிந்தனையின்றிக் கால்கள் தாமாகவே இயங்கும் பழக்கம் வேண்டும்.

புறப்படும்போதும் சிக்கல் உண்டு. வால் தரையில் இருக்கையில் மூக்கு மேல்நோக்கி நிற்பதால் விமானிக்கு நேர் முன்புறம் தெரிவதில்லை. தரையில் மெதுவாகச் செல்லும்போது இடமும் வலமுமாக வளைந்து வளைந்து சென்று பார்க்க வேண்டும். வேகம் கூடி வால் உயரும் தருணத்தில், சுழலும் விசிறியின் பம்பர விளைவால் பெரும்பாலான ஒற்றை எஞ்சின் விமானங்கள் இடப்பக்கம் திரும்ப முயலும். எஞ்சினின் முறுக்கு விசையும் விசிறியின் காற்றோட்டமும் இதனுடன் சேர்ந்துகொள்ளும். மூக்குச் சக்கர விமானத்தில் மட்டுமே பயின்ற ஒருவர் தம் கால்களை இவ்வளவு கூர்மையாகப் பயன்படுத்த வேண்டிய தேவையைச் சந்தித்திருக்க மாட்டார்.

'கூருணர்வு' என்பதன் பொருள்

வால் சக்கரம் ஒரு சவால் எனில், கட்டுப்பாட்டின் கூருணர்வு மற்றொன்று. சில விமானங்களின் கட்டுப்பாட்டுக் கோலை விரலளவு அசைத்தால் மூக்கு உடனே பெரிதும் எழும் அல்லது தாழும். குட்டையான உடலும் சிறிய இறக்கையும் இலேசான கட்டுப்பாடுகளும் இதற்குக் காரணங்கள். எடை பின்னோக்கி ஏற்றப்பட்டால் இத்தன்மை மேலும் கூடும். 1970-களில் கென் ராண்ட் வடிவமைத்த, வீடுகளில் கட்டப்படும் 'கேஆர்-2' ரக விமானம் மூக்கின் ஏற்ற இறக்கத்தில் இத்தகைய கூருணர்வுக்குப் பெயர்பெற்றது. கர்ட்டிஸ் பிட்ஸ் வடிவமைத்த 'பிட்ஸ் ஸ்பெஷல்' இரட்டை இறக்கை விமானமும் அவ்வாறே. வான்சாகச வீரர்கள் அதை விரும்புவதற்கு அந்த விரைவே காரணம்.

அனுபவம் மிக்க கைக்கு இது நயமான கருவி. புதியவரின் கைக்கோ, தவறைப் பெரிதாக்கும் கருவி. விமானம் தரையைத் தொட்டுச் சற்று எம்பும்போது, புதிய விமானி பதற்றத்தில் கோலை முன்னே தள்ளுவார். மூக்கு தேவைக்கு மேல் தாழும். உடனே பின்னே இழுப்பார். மூக்கு தேவைக்கு மேல் எழும். ஒவ்வொரு திருத்தமும் அடுத்த தவறாக மாறி, இரண்டாவது மூன்றாவது துள்ளலில் விமானம் தூக்குவிசை இழந்து விழும். மந்தமாக எதிர்வினையாற்றும் விமானம் இந்த இடத்தில் விமானியைப் பொறுத்துக்கொள்ளும். கூருணர்வுடைய விமானம் பொறுத்துக்கொள்ளாது.

முன்னோர் அனைவரும் இதில்தானே கற்றனர்?

வால் சக்கர ஆர்வலர்கள் முன்வைக்கும் வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. இந்தியாவின் முதல் தலைமுறை விமானிகள் அனைவரும் இத்தகைய விமானங்களிலேயே கற்றனர் என்பதே அது. 1929-இல் இந்தியாவில் முதல் விமானி உரிமம் பெற்ற ஜே.ஆர்.டி. டாட்டா, 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து மும்பைக்குத் தபால் கொண்டுவந்த 'புஸ் மாத்' விமானத்துக்கு மூக்குச் சக்கரம் இல்லை. அந்தத் தபாலைச் சென்னைக்குக் கொண்டுவந்த நெவில் வின்சென்ட் ஓட்டியதும் அத்தகைய விமானமே. இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் உருவாக்கி 1951-இல் முதன்முதலாகப் பறந்த 'எச்டி-2', விமானப்படையின் தொடக்கநிலைப் பயிற்சி விமானமாக இருந்தது. 1958-இல் பறந்த 'புஷ்பக்', நாடெங்கும் விமானப் பயிற்சிக் கழகங்களில் பல்லாண்டுகள் பயன்பட்டது. இரண்டும் வால் சக்கர விமானங்கள். அவற்றில் தனியே பறந்த மாணவர்கள் பலரின் அனுபவம் சில பத்து மணி நேரங்களே.

இந்த வாதம் உண்மை. ஆனால் முழு உண்மையன்று. அந்த மாணவர்களுக்கு மூன்று பாதுகாப்புகள் இருந்தன. முதலாவது, முதல் மணி நேரத்திலிருந்தே அவர்கள் வால் சக்கரத்தில் பயின்றனர். மறக்க வேண்டிய வேறு பழக்கம் அவர்களிடம் இல்லை. இரண்டாவது, அருகிலோ பின்னாலோ இரட்டைக் கட்டுப்பாட்டுடன் ஆசிரியர் அமர்ந்திருந்தார். விமானமும் மாணவரின் பிழைகளைப் பொறுக்கும் வகையில் வடிவமைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, அக்காலத்து விமானத் திடல்கள் பல பரந்த புல்வெளிகளாக இருந்தன. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறதோ அத்திசை நோக்கி இறங்கலாம். புல்லில் சக்கரம் சற்று வழுக்கிச் செல்வதால் கோணலாகத் தொட்டாலும் தார்ப்பாதையில் ஏற்படும் அளவுக்குத் திடீர்த் திருப்பம் ஏற்படுவதில்லை.

1950-களில் அமெரிக்காவின் செஸ்னா நிறுவனம் தன் சிறிய விமானங்களை மூக்குச் சக்கரத்துக்கு மாற்றியபின், உலகின் பயிற்சி முறையும் மெல்ல மாறியது. இன்று இந்தியப் பயிற்சி நிறுவனங்களில் கற்பவர் பெரும்பாலும் மூக்குச் சக்கர விமானத்தையே அறிவார். இந்த நிலையில் அவர் ஒற்றை இருக்கை கொண்ட கூருணர்வு வால் சக்கர விமானத்தில் ஏறினால், முன்னோருக்குக் கிடைத்த மூன்று பாதுகாப்புகளில் ஒன்றுகூட அவருக்கு இல்லை.

மலையும் கணவாயும் சேர்க்கும் சுமை

கேரள-தமிழக எல்லையின் நிலவமைப்பு இக்கேள்வியை மேலும் கடினமாக்குகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட சுவரில் பெரிய திறப்பு பாலக்காட்டுக் கணவாய். ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அந்தத் திறப்பின் வழியாகத் தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்கிலிருந்தும், குளிர்காலத்தில் கிழக்கிலிருந்தும் காற்று குவிந்து வீசுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கஞ்சிக்கோட்டிலும் அட்டப்பாடியின் அகளியிலும், இடுக்கி மாவட்டத்தின் ராமக்கல்மேட்டிலும் காற்றாலைகள் நிறுவப்பட்டிருப்பதற்கு அங்கு வீசும் வலுவான காற்றே காரணம். காற்றாலைக்கு ஏற்ற இடம், இலகுரக வால் சக்கர விமானத்துக்கு எளிய இடமாக இருக்க முடியாது.

ஒரே ஓர் ஓடுபாதை கொண்ட மலைத்தளத்தில் காற்றின் திசைக்கேற்ப வேறு பாதையைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. 20 நாட் வேகக் காற்று பாதைக்கு 30 பாகைக் கோணத்தில் வீசினால், அதன் குறுக்கு விசை 10 நாட். அனுபவமுள்ள விமானிக்கு இது வழக்கமானது. வால் சக்கரத்தில் புதியவருக்கு இது பெரும் சோதனை. மலைமுகட்டைத் தாண்டும் காற்று மறுபுறம் கீழ்நோக்கிச் சுழல்வதால், தரையிறங்கும் கடைசி நொடிகளில் விமானம் திடீரெனத் தாழவும் கூடும்.

உயரமும் தன் பங்கைச் சேர்க்கிறது. கடல்மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் உயரத்தில், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் அடர்த்தி குறைகிறது. வேகமானி அதே அளவைக் காட்டினாலும் விமானம் தரையைத் தொடும் உண்மையான வேகம் சுமார் 8 சதவீதம் கூடுதலாக இருக்கும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிப்பெருக்கத்தைச் சார்ந்தது என்பதால், அடக்க வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 17 சதவீதம் உயர்கிறது. எஞ்சினின் திறனோ குறைகிறது. சத்திரத்தை ஒட்டிப் பெரியாறு புலிகள் காப்பகக் காடு விரிந்துள்ளது. புறப்பட்டவுடன் எஞ்சின் நின்றால் அவசரமாக இறங்குவதற்குச் சமவெளியில் கிடைக்கும் வயல்வெளி அங்கு இல்லை.

சத்திரத்தின் சொந்த வரலாறே இதற்குச் சான்று. 2022 ஏப்ரலில் நடந்த முதல் முயற்சியில், ஓடுபாதையை அடுத்திருந்த மண்மேடு தடையாக இருந்ததால் விமானம் தரையிறங்காமல் திரும்பிச் சென்றது. அதே ஆண்டுப் பருவமழையில் ஓடுபாதையின் ஒரு பகுதி மண்சரிவில் இடிந்தது. மூக்குச் சக்கரமும் மெதுவான இறங்கு வேகமும் கொண்ட விமானத்துக்கும், படையின் தேர்ந்த விமானிகளுக்குமே இவ்வளவு இடர்கள் இருந்தன.

மணிக்கணக்கு எதைச் சொல்கிறது, எதை மறைக்கிறது?

இந்தியாவில் தனியார் விமானி உரிமம் பெறக் குறைந்தது 40 மணி நேரப் பறப்பு அனுபவம் வேண்டும். வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம். ஆகவே 'குறைந்த மணி நேரம்' என்ற சொல் பலரையும் உள்ளடக்கும். ஆனால் மொத்த மணிக்கணக்கு மட்டுமே அளவுகோலாக முடியாது என்பதை உலக அனுபவம் காட்டுகிறது.

அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர் 12 அன்று கலிஃபோர்னியா கடற்கரை அருகே விபத்தில் இறந்தார். அவர் ஓட்டியது வேறொருவர் கட்டி, அவர் புதிதாக வாங்கிய 'லாங்-ஈஇசட்' ரக விமானம். அது வால் சக்கர விமானமன்று. ஆனால் வீட்டில் கட்டப்பட்டது, விரைவான கட்டுப்பாடு கொண்டது. அவருடைய மொத்த அனுபவம் 2,700 மணி நேரத்துக்கும் மேல். அந்த ரகத்திலோ முந்தைய நாள் சுமார் அரை மணி நேர அறிமுகப் பயிற்சியே பெற்றிருந்தார். எரிபொருள் மாற்றும் கைப்பிடியை, கட்டியவர் வழக்கமான இடத்திலிருந்து விமானியின் தோளுக்குப் பின்னால் மாற்றியமைத்திருந்தார். அதைத் திருப்ப முயன்றபோது கவனம் சிதறி, தவறுதலாகச் சுக்கான் மிதி அழுத்தப்பட்டதால் விமானம் கட்டுப்பாட்டை இழந்ததாக அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுசெய்தது. போதிய அறிமுகப் பயிற்சி இல்லாமையையும் காரணிகளுள் ஒன்றாக அது குறிப்பிட்டது.

அதே வாரியம் 2012-இல் வெளியிட்ட ஆய்வு, கைக்கட்டு விமானங்கள் அமெரிக்கப் பொது வான்போக்குவரத்து விமானங்களில் ஏறத்தாழ 10 சதவீதமே எனினும், 2011-இல் நேர்ந்த உயிரிழப்பு விபத்துகளில் 21 சதவீதம் அவற்றைச் சார்ந்தவை எனக் கண்டது. எஞ்சின் பழுதும் பறக்கும்போது கட்டுப்பாடு இழத்தலும் முதன்மைக் காரணங்கள். அந்த ஆண்டு விபத்துக்குள்ளான கைக்கட்டு விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை பிறரிடமிருந்து வாங்கப்பட்டவை. புதிதாகக் கட்டப்பட்ட விமானத்தின் முதல் பறப்பும், வாங்கியவர் அதில் மேற்கொள்ளும் முதல் பறப்பும் தனி ஆபத்துக் கட்டங்களாக அடையாளம் காணப்பட்டன.

இந்தியாவின் நினைவில் நிற்கும் நிகழ்வு 1980 ஜூன் 23 அன்று டெல்லியில் நடந்தது. சஞ்சய் காந்தியும் உடன் சென்ற விமானி சுபாஷ் சக்சேனாவும் 'பிட்ஸ் எஸ்-2ஏ' விமானத்தில் வான்சாகசம் செய்தபோது விழுந்து இறந்தனர். வால் சக்கரம் அந்த விபத்துக்குக் காரணமன்று. ஆனால் கூருணர்வுடைய விமானத்தில், தரைக்கு மிக அருகில் பிழை நேர்ந்தால், அனுபவமுள்ள ஒருவர் உடனிருப்பதும் போதாது என்பதை அது உணர்த்தியது. பிழையைத் திருத்த உயரம் வேண்டும். உயரம் இல்லையெனில் திறமைக்கு இடமில்லை.

விதிகள் எங்கே நிற்கின்றன?

அமெரிக்காவில் வால் சக்கர விமானத்தைத் தலைமை விமானியாக ஓட்டுவதற்குத் தனி ஒப்புதல் கட்டாயம். வழக்கமான மற்றும் குறுக்குக் காற்றில் புறப்பாடு, தரையிறக்கம், முதன்மைச் சக்கரங்களில் மட்டும் இறங்கும் முறை, இறங்காமல் மீண்டும் எழும் முறை ஆகியவற்றில் பயிற்சி பெற்றதாக ஆசிரியர் ஒருவர் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். இதற்குக் குறிப்பிட்ட மணி நேரம் விதிக்கப்படவில்லை. திறன் கைவந்ததா என்பதே அளவுகோல். பிரிட்டனில் வால் சக்கரத்துக்கு மாறுவோருக்கு வேறுபாட்டுப் பயிற்சி தேவை. கைக்கட்டு விமானங்களைக் கண்காணிக்கும் இலகு விமானச் சங்கம், புதிய உரிமையாளர்களுக்கெனப் பயிற்சியாளர்களைக் கொண்ட திட்டத்தையும் நடத்துகிறது.

இந்தியாவில் கைக்கட்டு விமானங்களின் எண்ணிக்கை மிகக் குறைவு. மும்பை அடுக்ககத்தின் மொட்டைமாடியில் விமானி அமோல் யாதவ் கட்டிய ஆறு இருக்கை விமானம், 2016 'மேக் இன் இந்தியா' வாரத்தில் காட்சிப்படுத்தப்பட்டு நாடு தழுவிய கவனம் பெற்ற பின்னரும், 2017 நவம்பரில்தான் பதிவு பெற்றது. பொதுவிவாதம் முழுவதும் விமானத்துக்கு அனுமதி கிடைக்குமா என்பதைச் சுற்றியே அமைந்தது. அதை ஓட்டுபவர் எவ்வாறு தயாராக வேண்டும் என்ற கேள்வி பின்னுக்குச் சென்றது. 1934-ஆம் ஆண்டின் விமானச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள நிலையில், இரண்டாவது கேள்விக்கும் இடமளிக்க இது தக்க தருணம்.

நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உள்ளது. வால் சக்கரம் பழக விரும்பும் இந்திய இளைஞருக்கு, இரட்டைக் கட்டுப்பாடு கொண்ட அத்தகைய பயிற்சி விமானம் எளிதில் கிடைப்பதில்லை. 'புஷ்பக்' போன்றவை பயிற்சிக் களத்திலிருந்து விலகிவிட்டன. அவற்றுடன் அவற்றைக் கற்பித்த ஆசிரியர்களும் ஓய்வுபெற்றுவிட்டனர். கருவி இருந்தும் குரு இல்லாத நிலை இது.

சாதகமான வாதமும் உண்டு

வால் சக்கர விமானத்தை முற்றிலும் புறந்தள்ளுவதும் நியாயமாகாது. மூக்குச் சக்கரமும் அதன் தாங்கியும் இல்லாததால் எடை குறைகிறது; காற்றின் தடை குறைகிறது. விசிறி தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் கரடுமுரடான பாதையில் கல்லடி படுவது குறைகிறது. மேடுபள்ளமான தளங்களில் இவ்வமைப்பு உறுதியானது. கட்டுவதும் எளிது. வால் சக்கரத்தில் முறையாகப் பயின்ற விமானி, எந்த விமானத்திலும் சுக்கானைச் சரியாகப் பயன்படுத்துவார் என்பது பயிற்சியாளர்களின் பரவலான கருத்து.

எனவே, விமானிக்கு எத்தனை மணி நேர அனுபவம் என்று மட்டும் கேட்டு முடிவுசெய்ய இயலாது. எந்த விமானம், எந்தப் பயிற்சி, எந்தத் தளம் ஆகிய மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும். 60 மணி நேர அனுபவமுள்ள ஒருவர், மந்தமான இரண்டு இருக்கை வால் சக்கர விமானத்தில், ஆசிரியருடன், சமவெளியின் அகன்ற தளத்தில், அமைதியான காலைக் காற்றில் பழகுவது பொருத்தமானது. அதே நபர், தாமே கட்டிய கூருணர்வுடைய ஒற்றை இருக்கை விமானத்தை, மலைத்தளத்தில், தனியே முதன்முறையாக எழுப்புவது பொருத்தமற்றது. முதலாவது பயிற்சி, இரண்டாவது உயிரைப் பணயம் வைக்கும் சோதனை.

வழி என்ன?

கனவைக் கைவிடாமல் ஆபத்தைக் குறைக்கும் வழிமுறைகள் உலக அளவில் தெளிவாகவே உள்ளன. விமானத்தைக் கட்டத் தொடங்கும் முன்பே அதே ரகத்தில் அல்லது நெருங்கிய ரகத்தில் ஆசிரியருடன் பறந்து பார்ப்பது முதற்படி. பல ஆண்டு உழைப்பையும் சேமிப்பையும் செலவிட்ட பின்னர், அது தம் கைக்கு மீறியது என்று உணர்பவருக்குப் பின்வாங்கும் மனம் எளிதில் வருவதில்லை. கட்டும் ஆண்டுகளில் பறப்பதை நிறுத்திவிடாமல் தொடர்வது இரண்டாவது. பட்டறையில் ஐந்து ஆண்டுகள் கழித்தவரின் விரல்கள் தேர்ந்திருக்கும். கால்கள் பழக்கத்தை மறந்திருக்கும்.

முதல் பறப்பையும் தொடக்கக் கட்டச் சோதனைகளையும் அந்த ரகத்தை அறிந்த விமானியிடம் ஒப்படைப்பது மூன்றாவது. எடைச் சமநிலையை அளந்து உறுதிசெய்து, கூருணர்வு மிகுதியாக இருந்தால் எடையை முன்னோக்கி மாற்றியமைப்பது நான்காவது. குறுக்குக் காற்றுக்குத் தமக்கென ஓர் எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்து, அதைத் தாண்டினால் பறக்காமல் இருப்பது ஐந்தாவது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், மலைக்கு முன் சமவெளி என்பதே வரிசை.

அரசுத் தரப்பிலும் ஆற்றக்கூடிய பணி உண்டு. 194 'வைரஸ்' விமானங்களை விமானப்படை, கடற்படை, தேசிய மாணவர் படை ஆகியவற்றுக்காக வாங்கிய நாட்டுக்கு, மாநிலத்துக்கு ஓரிரு இரட்டைக் கட்டுப்பாட்டு வால் சக்கரப் பயிற்சி விமானங்களை ஏற்பாடு செய்வது பெருஞ்சுமையன்று. ஓய்வுபெற்ற விமானப்படை ஆசிரியர்களை இப்பணியில் ஈடுபடுத்தினால், மறைந்துவரும் ஒரு திறன் அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்.

சத்திரத்தில் 2022 ஏப்ரலில் நடந்த முதல் முயற்சியை ஊடகங்கள் தோல்வி என்றே எழுதின. தளத்தைப் பார்த்து, தடையை மதிப்பிட்டு, இறங்காமல் திரும்பிச் செல்ல அன்றைய விமானி எடுத்த முடிவுதான், எட்டு மாதங்களுக்குப் பின் நிகழ்ந்த வெற்றிக்கு விமானத்தையும் ஆட்களையும் பத்திரமாக விட்டுவைத்தது. மணிமுத்தாறில் தம் பல்லாண்டு உழைப்பின் கட்டுப்பாட்டுக் கோலை அனுபவமுள்ள ஒருவரின் கையில் கொடுத்த சஜி தாமஸின் முடிவும் அத்தகையதே. இடுக்கி மலைகளில் இனிப் பறக்கக் கற்கும் மாணவர்களுக்கு அந்த இரு முடிவுகளும் பாடத்திட்டத்தில் இடம்பெறத் தக்கவை.